மட்டி தோண்டுகிறவர்களுக்குக் கடல் மேல் அக்கறை இல்லையா?

கேட்டவர் சியாட்டில் பக்கம் புதிதாகக் குடிவந்தவர். மே மாதம் அலுவலக நண்பர்கள் ஏழெட்டுப் பேரோடு ஹூட் கால்வாய்க் கரைக்கு மட்டி எடுக்கப் போயிருக்கிறார். போகிற வழியெல்லாம் காரில் திமிங்கிலம், பிளாஸ்டிக், பருவநிலை மாற்றம் என்று ஒரே பேச்சு. கடல் வற்றிக் கிடந்த நேரத்தில் ஆளுக்கொரு பை நிரப்பிக்கொண்டு கிளம்பும்போது திரும்பிப் பார்த்தால், கரை முழுக்கப் பெருச்சாளி தோண்டிப் போட்ட மாதிரி குழி. "இவர்களுக்கு உண்மையிலேயே இயற்கை மேல் அக்கறை இருக்கிறதா, இல்லை எல்லாம் வாய்ப்பேச்சுதானா? நான் இனிமேல் போகலாமா, வேண்டாமா?" என்று கேட்கிறார்.

நான் இந்தக் கரைகளுக்குப் பதினான்கு வருடமாகப் போகிறேன். முதல் எட்டு வருடம் வாளியும் கைக்கொத்துமாக மட்டும். அப்புறம் கோடையில் சில சனிக்கிழமைகள் கரையில் நின்று, வருகிறவர்களுக்கு விதிகளைச் சொல்லிக்கொடுக்கும் தன்னார்வலராகவும். அதை வைத்துச் சொல்கிறேன்.

அக்கறை இருக்கிறது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விடிகாலை நாலு மணிக்கு எழுந்து, இரண்டு மணி நேரம் பயணம் செய்து, முழங்கால் வரை சேற்றில் நிற்க வருகிறவருக்குக் கடல் பிடிக்காமல் இருக்குமா? மட்டி கடையிலேயே கிடைக்கிறது. பெட்ரோல், உரிமக் கட்டணம், வாகனம் நிறுத்தும் அட்டை எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் கடையில் வாங்குவதுதான் மலிவு. வருகிறவர்கள் மட்டிக்காக மட்டும் வருவதில்லை.

ஆனால் அவர்கள் நேசிப்பது கடலை. கொத்துவதும் கிளறுவதும் ஒரு பாய் அகலச் சேற்றை. அந்தப் பாய் அகலத்துக்குள் யார் யார் குடியிருக்கிறார்கள், எதைச் செய்தால் எது சாகும் என்பது தனி அறிவு. கடல் மேல் உள்ள பாசத்தோடு அது தானாக வந்துவிடாது. கரையில் நான் பார்த்த சேதத்தில் பாதிக்கு மேல் நல்ல எண்ணத்தோடு செய்ததுதான் என்று கூடச் சொல்வேன்.

குழியிலிருந்தே தொடங்குகிறேன். ஹூட் கால்வாயில் பெரும்பாலோர் தேடி வருவது மணிலா மட்டி. இது இந்தக் கடலின் பூர்வீகக் குடி இல்லை. 1930களில் ஜப்பானிலிருந்து ஆய்ஸ்டர் (நம் ஊர்ப் பக்கம் ஆளி என்பது) குஞ்சுகளைக் கொண்டு வந்தபோது கூடவே ஒட்டிக்கொண்டு வந்து, இங்கேயே பரவியது. இது மண்ணுக்குள் இரண்டிலிருந்து நாலு அங்குல ஆழத்தில்தான் இருக்கும். கைக்கொத்தால் மேலாக வாரினாலே அகப்பட்டுவிடும். பட்டர் கிளாம் என்கிற உள்ளூர் மட்டி ஓர் அடி வரை கீழே போகும். புதிதாக வருகிறவருக்கு இந்த வேறுபாடு தெரியாது. மண்வெட்டியோடு வந்து, மணிலா மட்டிக்கு ஓர் அடி ஆழக் குழி வெட்டுவார். வெட்டிய மண்ணைப் பக்கத்திலேயே குவிப்பார். குவியலுக்கு அடியில் இருப்பவைதான் சாகின்றன.

மட்டி மூச்சுவிடுவதும் தின்பதும் மேலே நீட்டும் குழல் வழியாகத்தான். குழல் எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் அதன் வீட்டு ஆழம். காக்கிள் என்கிற வரிவரியான மட்டிக்குக் குழல் மிகக் குட்டை, அதனால் அது மேல்மண்ணிலேயே இருக்கும். அதன் தலைமேல் ஒரு சாண் சேற்றைக் கொட்டினால் குழல் எட்டாது, மூச்சு முட்டிச் சாகும். குஞ்சு மட்டிகள் எந்த இனமாக இருந்தாலும் கதி இதேதான். இன்னொரு பக்கம், குழியின் சுவரில் வெளியே தெரிகிற குஞ்சுகள் வெயிலுக்கும் கடற்காகத்துக்கும் இரை. ஒரு குழி மூடாமல் விட்டால் இரண்டு பக்கமும் சாவு.

"கடல் ஏறினால் அதுவே மூடிவிடாதா?" என்று கேட்காதவர்கள் குறைவு. நம் ஆட்கள் இதைக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. மெரினாவிலோ திருச்செந்தூரிலோ மணலில் குழி தோண்டி விளையாடியவர்களுக்கு, அடுத்த அலையில் குழி காணாமல் போவதுதான் பழக்கம். ஹூட் கால்வாய் அப்படிக் கிடையாது. பெயர்தான் கால்வாய்; உண்மையில் நிலத்துக்கு நடுவே நீளமாக உள்ளே வந்த கடல். பெரிய அலை வராது. ஏற்றத்தில் தண்ணீர் சத்தமில்லாமல் ஏறும், வற்றத்தில் சத்தமில்லாமல் இறங்கும். குழி நாள்கணக்கில் அப்படியே கிடக்கும். அதனால்தான் வாஷிங்டன் மாநில விதியே குழியை உடனே மூட வேண்டும் என்கிறது. கடைப்பிடித்தால் நல்லது என்கிற வேண்டுகோள் இல்லை, சட்டம்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு தமிழ்ப் பையன் இதே கேள்வியைக் கேட்டான். "மூடும்ப்பா, ஆனா அதுக்குள்ள இதெல்லாம் போயிடும்" என்று சொல்லி, அவன் குவித்து வைத்திருந்த மண்ணிலிருந்து ஒரு கை அள்ளி, வாளித் தண்ணீரில் அலசி, அவன் உள்ளங்கையில் கொட்டினேன். வேர்க்கடலை அளவில் சில, துவரம்பருப்பு அளவில் சில. ஓடெல்லாம் கோலம் போட்ட மாதிரி வரி. எண்ணிப் பார்த்தான்: பதினொன்று. "அண்ணா, இதெல்லாம் உயிரோடவா இருக்கு?" என்றான். அன்றைக்குப் போவதற்கு முன் நாலு குழி மூடினான், அதில் இரண்டு அவன் தோண்டியதே இல்லை. நான் சட்டத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

சரி, தெரிந்தவர்களும் மூடாமல் போகிறார்களே, அது ஏன்? நான் கவனித்த வரை, எல்லாம் கடைசி ஐந்து நிமிடத்தில் நடக்கிறது. பை நிறைந்துவிட்டது. தண்ணீர் திரும்பி ஏற ஆரம்பித்துவிட்டது. சின்னக் குழந்தை குளிரில் அழுகிறது. குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போயிற்று. அந்த நேரத்தில் பத்துக் குழியை மூடு என்றால் எந்தச் சுற்றுச்சூழல் ஆர்வலரும் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். தோண்டிக்கொண்டே மூடுகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் வருவதில்லை. இரண்டாம் குழியின் மண்ணை முதல் குழியில் தள்ள வேண்டும், மூன்றாவதை இரண்டாவதில். கடைசியில் மிஞ்சுவது ஒரே ஒரு குழி. அக்கறை அதிகமுள்ளவர் இப்படிச் செய்கிறார், இல்லாதவர் செய்யவில்லை என்று சொல்ல முடியவில்லை. யாரிடம் தோண்டக் கற்றார்களோ அவர் அப்படிச் செய்திருந்தால் இவர்களும் செய்கிறார்கள்.

கேட்டுப் பாருங்கள், கிட்டத்தட்ட எல்லாருமே "நான் மூடிவிடுவேன்" என்பார்கள். பொய் சொல்வதாக நினைக்கவில்லை, மூடியதாகத்தான் அவர்களுக்கு நினைவு. மனப்பான்மையைக் கேள்வித்தாளால் அளக்கிறபோது வருகிற பழைய தொல்லை இது. மாநில மீன் வனவிலங்குத் துறை இதில் கெட்டிக்காரத்தனமாகத்தான் நடந்துகொள்கிறது. எத்தனை பேர் வந்தார்கள் என்பதை வற்ற நேரத்தில் விமானத்தில் பறந்து தலை எண்ணுகிறார்கள். எவ்வளவு எடுத்தார்கள் என்பதைக் கரையில் நின்று பையைத் திறந்து பார்த்துக் கணக்கெடுக்கிறார்கள். யாருடைய ஞாபகத்தையும் நம்பி அந்தக் கணக்கு இல்லை. மூடாத குழிகளையும் இப்படி எண்ணினால் பல நல்லவர்களுக்கு அதிர்ச்சியாக இருக்கும், என்னையும் சேர்த்து.

நல்ல எண்ணம் எப்படிக் கெடுதலாகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இதே மாநிலத்தின் பசிபிக் கரையில் இருக்கிறது. லாங் பீச், ட்வின் ஹார்பர்ஸ், கொபாலிஸ், மொக்ராக்ஸ் என்று நீளும் திறந்த மணற்கரைகளில் ரேஸர் கிளாம் என்கிற மட்டி எடுப்பார்கள். சவரக்கத்திப் பிடி போல நீளமாக, பழுப்புப் பளபளப்பில், கண்ணாடி மாதிரி மெல்லிய ஓடு. குளிர்காலத்தில் தாழ்வற்றம் இருட்டிய பிறகுதான் வரும் என்பதால், கையில் விளக்கோடு ஆயிரக்கணக்கானவர்கள் மணலில் நடப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கார்த்திகை தீபம் கடலோரமாக நகர்கிற மாதிரி இருக்கும். மணலில் நாணயம் அளவு ஒரு சின்னப் பள்ளம் தெரிந்தால், அதற்குக் கீழே மட்டி. ஆனால் அது நிமிடத்துக்குள் அரை அடிக்கு மேல் கீழே இறங்கிவிடும். மண்வெட்டியோ உருளைக் குழாயோ போட்டு இழுக்க வேண்டும். அவசரத்தில் ஓடு உடைவது சாதாரணம்.

அங்கே விதி இது: ஆளுக்கு ஒரு நாளைக்குப் பதினைந்து, அதுவும் முதலில் தோண்டி எடுத்த பதினைந்து. சின்னதோ பெரியதோ, உடைந்ததோ முழுசோ, அதுதான் உங்கள் பங்கு. புதிதாக வருகிறவருக்கு இது கொடுமையாகத் தெரியும். "ஐயோ, குட்டியாக இருக்கிறதே, பிழைத்துப் போகட்டும்" என்று திரும்ப மணலில் போட்டுவிட்டு அடுத்ததைத் தோண்டுவார். பிழைத்துப் போகாது. தோண்டும்போதே அடிபட்டுவிட்ட மட்டி, குத்துவாக்கில் மண்ணுக்குள் இறங்கத் திராணியில்லாமல் மேலேயே கிடந்து பறவைக்கோ நண்டுக்கோ போகும். அந்த இரக்கமுள்ள மனிதர் பதினைந்து பெரிய மட்டிகளோடு வீடு திரும்பும்போது, பின்னால் எத்தனை செத்துக் கிடக்கின்றன என்பது அவருக்குத் தெரியாது. அங்கே இதை வீணடிப்பு என்றே சொல்கிறார்கள். அனுபவமுள்ள தாத்தாக்கள் உடைந்ததையும் சேர்த்துப் பதினைந்து எண்ணி வலையில் போட்டுக்கொண்டு பேசாமல் போவார்கள். அவர்கள் யாரும் பருவநிலை பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

ஹூட் கால்வாயில் விதி நேர் எதிர். மணிலா, லிட்டில்நெக், பட்டர், காக்கிள் ஆகிய மட்டிகள் எல்லாம் ஒன்றரை அங்குலத்துக்குக் குறைந்தால் திரும்ப வைக்க வேண்டும். மொத்தம் நாற்பது மட்டி, பத்துப் பவுண்டைத் தாண்டக் கூடாது. தடித்த ஓடு, அதிகம் அடிபடாது, அதனால் திரும்ப வைத்தால் பிழைக்கும். ஆனால் வைக்க வேண்டும், வீசக் கூடாது. குழியை மூடும்போது அதிலேயே போட்டு மேலே லேசாக மண் தள்ளினால் போதும். ஒரு கரையில் நல்ல பழக்கமாக இருப்பது இன்னொரு கரையில் தப்பு. "இயற்கையோடு இணக்கமாக இருங்கள்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவதால் இங்கே ஒன்றும் நடக்காது.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். வந்த புதிதில் உரிமத்துக்கு உட்பட்ட பதினெட்டு ஆய்ஸ்டரை ஓட்டோடு வாளியில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்தேன். ஆவியில் வேக வைத்துத் தின்றுவிட்டு, ஓடுகளைக் குப்பைத் தொட்டியில் போட்டேன். எண்ணிக்கை சரி, அளவு சரி, உரிமம் இருந்தது. என்னைப் பற்றி எனக்கு ரொம்ப நல்ல அபிப்பிராயம். இரண்டு வருடம் கழித்துத்தான் தெரிந்தது, ஆய்ஸ்டரைக் கரையிலேயே திறந்து சதையை மட்டும் எடுத்துக்கொண்டு, ஓட்டை எடுத்த மட்டத்திலேயே விட்டுவிட வேண்டும் என்பது. காரணம், மிதந்து திரியும் ஆய்ஸ்டர் குஞ்சுகள் ஒட்டிக்கொண்டு வளர இடம் தேடும். பழைய ஓடுதான் அவற்றுக்குப் பிடித்த இடம். ஒரு பெரிய ஓட்டில் நகக்கண் அளவில் ஐந்தாறு குஞ்சு ஒட்டியிருக்கும். நான் குப்பையில் போட்டது பதினெட்டு ஓடு இல்லை, அடுத்த தலைமுறையின் பதினெட்டு வீடு. விதிப் புத்தகத்தில் அது தெளிவாகவே இருந்தது. நான் எண்ணிக்கையையும் அளவையும் மட்டும் படித்திருந்தேன்.

பிரான்ஸில் இந்தப் பொழுதுபோக்கு இன்னும் பெரிய அளவில் நடக்கிறது. பிரெத்தாஞ்ஞு, நார்மாண்டி கரைகளில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் வெகுதூரம் வற்றும் நாட்களில் ஊரே கூடையோடு இறங்கிவிடும். 2015 மார்ச் 21 அன்று வந்த பெரிய வற்றத்தை 'நூற்றாண்டின் ஏற்றவற்றம்' என்றே பத்திரிகைகள் எழுதின, அவ்வளவு கூட்டம். அங்கே கரையில் நிற்கும் தன்னார்வலர்கள் பிரசங்கம் செய்வதில்லை. சட்டைப்பையில் வைக்கிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் அளவுகோலைக் கையில் கொடுப்பார்கள். ஒவ்வொரு இனத்துக்கும் குறைந்தபட்ச அளவு அதிலேயே வெட்டியிருக்கும். வாளியைக் கொட்டிச் சேர்ந்து அளந்து பார்ப்பார்கள். அப்புறம், புரட்டிய கல்லை முன்பு இருந்த மாதிரியே திரும்ப வைக்கச் சொல்வார்கள். கல்லின் மேல்பக்கம் வெளிச்சத்தில் வாழும் பாசி. அடிப்பக்கம் இருட்டில் வாழும் கடற்பஞ்சும் முட்டைகளும். தலைகீழாக விட்டுவிட்டால் இரண்டு பக்கமும் அழுகும். இதைக் கேட்டதிலிருந்து நான் இங்கேயும் கல் புரட்டுகிற குழந்தைகளிடம் "கூரையைக் கூரையாவே வை" என்று சொல்கிறேன். நன்றாக வேலை செய்கிறது.

அறிவிப்புப் பலகை பற்றி ஒரு வார்த்தை. "பலர் குழிகளை மூடாமல் செல்வதால் மட்டிகள் அழிகின்றன" என்று எழுதி வைத்தால் நல்லது நடக்கும் என்று தோன்றும். அரிசோனாவில் கல்லாகிப்போன மரங்கள் உள்ள தேசியப் பூங்காவில் ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 'நிறையப் பேர் மரத்துண்டுகளை எடுத்துப் போய்விட்டதால் பூங்கா மாறிக்கொண்டிருக்கிறது' என்ற பொருளில் பலகை வைத்த இடத்தில், 'எடுக்காதீர்கள்' என்று மட்டும் சொன்ன இடத்தைவிடத் திருட்டு அதிகம். எல்லாரும் செய்கிறார்கள் என்று நாமே சொல்லிக் கொடுத்துவிடுகிறோம். மூடாத குழிகள் நிறைந்த கரையும் அப்படிப்பட்ட ஒரு பலகைதான். காலையில் முதலில் வருகிற பத்துப் பேர் மூடிவிட்டுப் போனால் அடுத்து வருகிறவர்களில் பலர் மூடுகிறார்கள். அதனால் நான் தன்னார்வலராக நிற்கிற நாளில் வற்றம் தொடங்கும் நேரத்திலேயே போய், முந்தின நாள் குழிகளை மூடிவிடுவேன். வேறு எதைவிடவும் அது பலன் தந்திருக்கிறது.

இன்னொரு சங்கடமான விஷயமும் உண்டு. குழியைப் பார்த்ததும் "இந்தக் குடியேறிகள்தான்" என்று முணுமுணுக்கிறவர்களை நான் கேட்டிருக்கிறேன். சியாட்டிலை ஒட்டிய பியூஜெட் சவுண்ட் என்கிற உள்கடலின் கரைகளில் வியட்நாம், கம்போடியா, கொரியா, சீனா, பிலிப்பைன்ஸ் குடும்பங்கள் நிறைய வரும் என்பது உண்மை. அவர்களில் பலருக்கு இது பொழுதுபோக்கும்தான், வாரச் சாப்பாடும்தான். என் அனுபவத்தில் மண்ணை மேலாக வாரி எடுத்து, சுத்தமாக மூடிவிட்டுப் போகிறவர்களில் அவர்களுடைய பாட்டிகளுக்கு ஈடு கிடையாது. மட்டியைச் சாப்பாடாகப் பார்க்கிறவர் அடுத்த வருடச் சாப்பாட்டையும் பார்க்கிறார். விதி மீறல் வருகிற இடம் வேறு: பத்துப் பேர் குடும்பத்தில் மூன்று பேர் மட்டும் தோண்டி, பத்துப் பேருக்கான பங்கை ஒரே வாளியில் போடுவது. ஒவ்வொருவரும் தன் பங்கைத் தானே தோண்டித் தன் பையில்தான் வைக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். கூட்டுக் குடும்பப் பழக்கத்துக்கு இது புரியாத விதி. நம் ஆட்களும் இதில் மாட்டுவார்கள், "அவருக்கு இடுப்பு வலி சார், நான் எடுத்துக் கொடுத்தேன்" என்று.

கூட்டம் ஏன் ஒரே இடத்தில் குவிகிறது என்பதும் இதோடு சேர்ந்தது. வாஷிங்டன் 1889இல் மாநிலமானதிலிருந்து 1971 வரை அரசு தன் கடலோர ஓதநிலத்தைத் தனியாருக்கு விற்றுக்கொண்டே வந்தது. வீட்டுக்கு முன்னால் நீர் வற்றித் தெரியும் சேறு கூட வீட்டுக்காரருக்குச் சொந்தம். இன்று பாதிக்கு மேல் தனியார் கையில். மிச்சமிருக்கிற சில பொதுக் கரைகளில் ஒட்டுமொத்த சியாட்டிலும் வந்து இறங்குகிறது. அங்கே துறையே மணிலா மட்டிக் குஞ்சையும் ஆய்ஸ்டரையும் விதைத்துக் கொடுக்கிறது. நூறு பேர் தோண்டினால் தாங்குகிற கரையில் ஐந்நூறு பேர் தோண்டுவதற்கு அந்த ஐந்நூறு பேரின் மனப்பான்மையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

தோண்டுவதே கெடுதல் என்று நினைத்துக் கேட்டிருந்தால் அதற்கு ஒரு பதில் இந்தக் கடலிலேயே இருக்கிறது. பூர்வகுடிகள் கரையின் கடைசி வற்ற மட்டத்தில் கல்லால் தாழ்ந்த சுவர் கட்டி, உள்ளே மணல் சேரவிட்டு, சரிவைத் தட்டையாக்கி மட்டித் தோட்டம் வளர்த்தார்கள். கனடாவின் குவாட்ரா தீவில் இருக்கிற சில சுவர்கள் 3,500 வருடப் பழமையானவை. 2014இல் வெளிவந்த ஆய்வில், சுவரில்லாத கரையைவிட மட்டித் தோட்டத்தில் பட்டர் கிளாம் நாலு மடங்கும் லிட்டில்நெக் இரண்டு மடங்குக்கு மேலும் இருந்தன. அவர்கள் தோண்டாமல் காக்கவில்லை. தோண்டித் தோண்டி மண்ணை இளக்கி, ஓட்டுத் துண்டுகளை அங்கேயே கலந்து, பெரிய கல்லை உருட்டி ஓரம் தள்ளி வைத்தார்கள். 2022இல் ஸ்வினோமிஷ் என்கிற பூர்வகுடி மக்கள் வாஷிங்டனில் அப்படி ஒரு புதுச் சுவரைக் கட்டினார்கள். இங்கே மட்டியில் பாதி உரிமை பழங்குடிகளுடையது என்று 1994இல் நீதிபதி எட்வர்ட் ரஃபீடி தீர்ப்பளித்தார், 1850களின் ஒப்பந்தங்களின் அடிப்படையில். பொதுக் கரையில் நாம் எடுப்பது மிச்சப் பாதியிலிருந்து என்பது பலருக்குத் தெரியாது.

நடுவில் ஒன்று, நண்டு. ஐரோப்பியப் பச்சை நண்டு மட்டிக் குஞ்சுகளைத் தின்று தீர்க்கிறது என்று 2022 ஜனவரியில் மாநில ஆளுநர் அவசர ஆணையே போட்டார். செய்தியைப் படித்த அக்கறையுள்ளவர்கள் கரையில் பச்சையாக எதைக் கண்டாலும் மிதிக்க ஆரம்பித்தார்கள். உள்ளூர் நண்டுகளிலும் பச்சை நிறம் உண்டு. அந்த வேற்று நண்டிலும் சிவப்பு உண்டு. நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது, கண்ணுக்கு வெளியே பக்கத்துக்கு ஐந்து முள் என்று எண்ண வேண்டும். படம் எடுத்துத் துறைக்கு அனுப்புங்கள், விட்டுவிடுங்கள் என்பதுதான் துறையின் வேண்டுகோள்.

எல்லாக் கேட்டையும் தோண்டுகிறவர் தலையில் கட்டவும் முடியாது. 2021 ஜூன் கடைசியில் அடித்த அனல் நினைவிருக்கலாம், அல்லது கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த நாட்களில் தாழ்வற்றம் சரியாக நடுப்பகலில் வந்தது. மட்டிகளும் ஆய்ஸ்டர்களும் கிடந்த இடத்திலேயே வெந்து வாய் பிளந்தன. இந்தக் கடல் முழுக்க நூறு கோடிக்கு மேல் கரையுயிர்கள் செத்திருக்கலாம் என்று பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கிறிஸ் ஹார்லி கணித்தார். நாங்கள் போனபோது வாடை தாங்கவில்லை. இத்தனை வருடம் குழி மூடியதெல்லாம் மூன்று நாளில் போய்விட்டது மாதிரி இருந்தது. ஆனால் அந்தச் சாவை முதலில் பார்த்துச் சொன்னவர்களில் வாளியோடு போனவர்களும் இருந்தார்கள். செப்டிக் டேங்க் கசிந்து ஒரு விரிகுடாவில் மட்டி எடுக்கத் தடை வந்தால், கூட்டத்தில் எழுந்து கத்துகிறவர்களும் அவர்கள்தான். கரையில் வந்து கையைச் சேற்றில் விடாதவருக்கு அங்கே தடை விழுந்ததே தெரியாது. உங்கள் நண்பர்கள் காரில் பேசியதை நான் அதனால் இளக்காரமாகப் பார்க்க மாட்டேன்.

ஆகவே போங்கள். போவதற்கு முன் அன்றைய காலையே சுகாதாரத் துறையின் கரை வரைபடத்தைப் பாருங்கள். நேற்றுத் திறந்திருந்த கரை இன்று நச்சுப்பாசியால் மூடியிருக்கலாம், அந்த நச்சு கொதிக்க வைத்தாலும் போகாது. பட்டர் கிளாமில் அது இரண்டு வருடம் வரை கூடத் தங்கும். மண்வெட்டியை வீட்டில் வைத்துவிட்டுக் கைக்கொத்தை எடுத்துப் போங்கள். மூடாத குழிகளைப் பற்றி நண்பர்களிடம் எதுவும் பேச வேண்டாம். நீங்கள் முதல் குழியை மூடிக்கொண்டே இரண்டாவதைத் தோண்டுங்கள், குவியலில் ஒரு கை அள்ளி அலசி அவர்கள் கையில் கொட்டுங்கள்.

கிளம்பும்போது இரண்டு பாட்டில் கடல்நீர் பிடித்துக்கொள்ள மறக்காதீர்கள். வீட்டில் மட்டியை அதில் சில மணி நேரம் போட்டு வைத்தால் மணலைக் கக்கிவிடும். குழாய்த் தண்ணீரில் போட்டால் வாயை மூடிக்கொண்டு செத்துப்போகும், தேங்காய்ப்பால் குழம்பு முழுக்க நறநறவென்று மணல்தான்.